தீர்க்கதரிசியும் சட்டமும்

யூத சமயத்தைத் தீர்க்கதரிசிகளின் சமயம் எனக் கூறுதல் பொதுவழக்காக உள்ளது. ஆமோஸ், ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் முதலியோரின் பெயர்கள் கிறித்தவ வேதாகமத்தின் வழியாகத் தமிழ் வாசகர்க்கும் பழக்கமானவை. மன்னரை அஞ்சாது இடித்துரைத்தவர்கள், விதவையினதும் அநாதையினதும் பக்கம் நின்றவர்கள், வரவிருக்கும் அழிவை முன்னுணர்ந்து கதறியவர்கள் என்றே இவர்கள் நினைக்கப்படுகின்றனர். ஆயின், சமய நெறி நிற்கும் யூதன் ஒருவனின் நாளாந்த வாழ்வை ஒழுங்குபடுத்துவது இவர்களுடைய வாக்கன்று, சட்டமே. எதனை உண்ணலாம், ஓய்வுநாளில் எதனைத் தூக்கலாம், மணவிலக்குப் பத்திரம் எவ்வாறு எழுதப்படல் வேண்டும், இரவல் வாங்கிய மாடு இறந்துபோனால் இழப்பு யாரைச் சாரும் என்பன போன்ற எண்ணிறந்த வினாக்களுக்கு அச்சட்டம் விடை கூறுகின்றது. அதனை ஆராய்ந்து வகுத்த ரபிமார் வியப்புக்குரிய விதியொன்றையும் உடன் வகுத்தனர். ஒரு சட்டப் பிணக்கில் இன்னதே சரியான தீர்ப்பென இறைவன் தனக்கு உரைத்தான் என்று தீர்க்கதரிசி ஒருவன் வந்து கூறுவானாயின், அவன் கூற்று ஏற்கப்படாது. ஏற்கப்படாமை மட்டுமன்று, அவ்வாறு கூறியதனாலேயே அவன் பொய்த் தீர்க்கதரிசி ஆகின்றான்.

இறைவன் மனிதனோடு பேசினான் என்பதையே அடித்தளமாகக் கொண்ட ஒரு சமயம், தனது நீதிமன்றத்தின் கதவை இறைவனின் குரலுக்கே அடைத்தது எவ்வாறு? அடைத்ததனாற் பெற்றது யாது, இழந்தது யாது?

சொல்லைப் பற்றி முதலிலே சிறிது கூறல் வேண்டும். ‘தீர்க்கதரிசி’ என்னும் சொல் நெடுந்தொலைவு காண்பவன் என்ற பொருளைத் தருவது. வருங்காலம் உரைப்பவன் என்ற எண்ணம் தமிழில் மேலோங்கி நிற்பதற்கு இச்சொல்லே பெரிதுங் காரணமாகும். எபிரேயத்தில் வழங்கும் ‘நபீ’ என்னும் சொல் அத்தகையதன்று. அது மற்றொருவர் சார்பிற் பேசுபவன், வாய்ச்சொல்லாய் நிற்பவன் என்ற கருத்துடையது. முஸ்லிம் மக்கள் தமிழிலும் வழங்கும் ‘நபி’ என்ற அரபுச் சொல் இதற்கு உடன்பிறந்ததாகும். சட்டத்தைக் குறிக்கும் ‘ஹலாக்கா’ என்பதோ நடத்தல், செல்லுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ஒழுகுதலினின்றும் ஒழுக்கம் பிறந்த தமிழ் வழக்கை இது நினைவூட்டும். ஆகவே இங்கு எதிரெதிரே நிற்பவை வருங்காலமும் நிகழ்காலமும் அல்ல. ஒருபுறம் இறைவனுக்காகப் பேசும் வாய். மறுபுறம் மக்கள் நடக்கும் வழி. இவ்வழி எது எனக் காட்டும் உரிமை அவ்வாய்க்கு உண்டா என்பதே வழக்கு.

தொடக்கத்தில் அவ்வுரிமை இருந்தது. மோசேயின் காலத்திற் சட்டம் கேட்டுப் பெறப்பட்டது. வனாந்தரத்தில் மோசே விடை அறியாது இறைவனிடம் வினவி நின்ற நிகழ்ச்சிகள் நான்கு ஐந்தாகமங்களிற் காணப்படுகின்றன. தெய்வ நாமத்தைத் தூஷித்தவனின் வழக்கு ஒன்று; ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனின் வழக்கு மற்றொன்று; பிணத் தீட்டினாற் பஸ்காவைக் கொண்டாட இயலாதுபோனவர்களின் முறையீடு இன்னொன்று. நான்காவது செலொப்பியாத்தின் புதல்வியருடையது. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்னும் ஐந்து சகோதரிகள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் அனைவருக்கும் முன்னே வந்து நின்று, ஆண்மகவின்றி இறந்த தந்தையின் பெயர் ஏன் அற்றுப்போதல் வேண்டும், அவர் பங்கு நிலம் ஏன் தங்களுக்கு வழங்கப்படலாகாது எனக் கேட்டனர். மோசேக்கு விடை தெரியவில்லை. வழக்கை இறைவனிடம் கொண்டு சென்றார். பெண்கள் கூறியது நியாயமென விடை வந்தது. அன்று தொட்டு அது பொதுச்சட்டமும் ஆயிற்று. கேட்டவர் பெண்கள், தயங்கியவர் மோசே, தீர்த்தவர் இறைவன். இதனிலும் நேரான நீதிமுறை வேறொன்றிருத்தல் அரிது.

ஆயின் மோசேயின் மரணத்தோடு இக்கதவு அடைபட்டது என்பதே ரபிமாரின் துணிபு. பாபிலோனியத் தல்மூதின் ‘தெமூரா’ என்னும் பகுதி கூறும் செய்தியொன்று இங்கு நோக்கத்தக்கது. மோசேக்காகத் துக்கங் கொண்டாடிய நாட்களில் 3000 சட்டங்கள் மறக்கப்பட்டனவாம். மக்கள் யோசுவாவிடம் சென்று, இறைவனிடங் கேட்டறிந்து கூறுமாறு வேண்டினர். சட்டம் இப்போது வானத்தில் இல்லை எனக் கூறி யோசுவா மறுத்துவிட்டார். பிற்காலத்திற் சாமுவேலிடமும் அவ்வாறே வேண்டினர். கட்டளைகள் கொடுத்து முடிந்துவிட்டன, இனி எந்தத் தீர்க்கதரிசிக்கும் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் அதிகாரம் இல்லை என்பதே அவரது விடையுமாயிற்று. யோசுவாவும் சாமுவேலும் தீர்க்கதரிசிகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. கேட்க முடியாதவர்கள் மறுக்கவில்லை; கேட்கக்கூடியவர்களே மறுத்தனர். மறந்துபோனவற்றுள், அனுமானத்தாலும் சொல்லொப்புமையாலும் பெறத்தக்கவை 1700 இருந்தன என்றும், அவற்றை ஒத்னியேல் என்பவர் தமது தருக்க வன்மையால் மீட்டெடுத்தார் என்றும் அவ்விடத்திலேயே கூறப்படுகின்றது. வேதாகமத்தில் ஒத்னியேல் ஒரு நகரைப் பிடித்த போர்வீரர். ரபிமார் அவரைத் தருக்க நூலாசிரியராக்கிவிட்டனர். தமது தொழிலுக்கு அத்தனை பழைமையான முன்னோடி ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டிருத்தல் வேண்டும்.

அப்படியாயின் மோசேக்குப் பின்வந்த தீர்க்கதரிசிகளின் பணி யாது? இருக்கும் சட்டத்தைக் கைக்கொள்ளுமாறு வற்புறுத்துவதே என விடையிறுக்கப்பட்டது. எருசலேமின் வாயில்களில் நின்று, ஓய்வுநாளிற் சுமை கொண்டுவராதீர் என்று எரேமியா முழங்கியபோது அவர் புதிய சட்டமெதனையும் இயற்றவில்லை. இஸ்ரவேலில் 48 தீர்க்கதரிசிகளும் 7 தீர்க்கதரிசினிகளும் தோன்றினர் என்றும், எஸ்தரின் சுருளை வாசிக்கும் கடமையொன்று நீங்கலாக அவர்கள் எதனையும் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை என்றும் தல்மூத் கணக்குக் கூறுகின்றது. அவ்வொரு கடமைக்கும் மோசேயின் நூலிலிருந்து ஆதாரந் தேட அவர்கள் படும்பாடு சிறிதன்று. எபிரேய நெடுங்கணக்கில் ஐந்து எழுத்துகள் சொல்லின் ஈற்றில் வேறு வடிவம் பெறும். அவ்வடிவங்களைத் தீர்க்கதரிசிகள் ஏற்படுத்தினர் என்றொரு செவிவழிச் செய்தி இருந்தது. எழுத்தின் வடிவத்தையேனும் தீர்க்கதரிசி மாற்றலாமோ என்ற ஐயம் உடனே எழுந்தது. எழுத்துகள் முன்னரே இருந்தன, மக்கள் மறந்தனர், தீர்க்கதரிசிகள் மீளவும் நிலைநாட்டினர் என்று அமைதி கூறப்பட்டது. இன்னுமொரு விதியும் உண்டு: தீர்க்கதரிசிகளின் நூல்களிலுள்ள வாசகத்தைக் கொண்டு மோசேயின் சட்டத்துக்கு உரியதொரு முடிவைப் பெறலாகாது என்பது அது.

இவ்விடத்தில் ஒரு தடை நிகழும். கர்மேல் மலையில் எலியா பலியிட்டாரன்றோ? எருசலேம் ஆலயம் நிலைபெற்றிருந்த காலத்தில் அதற்கு வெளியே பலியிடுதல் கடுங்குற்றம். எலியாவோ பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிராக நின்று, இடிந்த பலிபீடத்தைச் செப்பனிட்டுக் காளையொன்றைப் பலியிட்டார். வானத்திலிருந்து நெருப்பும் இறங்கிற்று. சட்டத்தை மீறியவரைத் தண்டிப்பதா, போற்றுவதா? ‘அவ்வேளைக்குரிய கட்டளை’ என்ற கருத்தாக்கம் இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கவே கையாளப்பட்டது. அறியப்பட்ட தீர்க்கதரிசி ஒருவன், ஓர் அவசரநிலையில், குறித்த அவ்வேளைக்கு மட்டும், சட்டமொன்றை நிறுத்திவைக்குமாறு கூறலாம். விக்கிரக வழிபாடு ஒன்றை மட்டும் எவ்வேளையிலும் அனுமதிக்க முடியாது. ‘சட்டம் மாறிவிட்டது’ என்று அவன் சொல்லும் கணத்தில் அவனது அதிகாரம் இல்லாதொழியும். வீட்டைக் காப்பதற்காக ஒருநாள் வேலியை வெட்டலாம். வேலியே இல்லையென உறுதி எழுதிக்கொடுக்க முடியாது.

எலியாவைச் சமாளித்த அளவுக்கு எசேக்கியேலைச் சமாளித்தல் எளிதாயிருக்கவில்லை. அவரது நூலின் இறுதி அதிகாரங்கள் வருங்கால ஆலயத்தின் பலிமுறைகளை விரித்துரைக்கின்றன. அவற்றுட் பல மோசேயின் சட்டத்தோடு முரண்படுவன. முரண்பட்ட நூலைப் பொதுப் பாவனையிலிருந்து நீக்கி மறைத்துவிடுவதா என்ற வினா எழுந்தது. எசேக்கியாவின் மகன் அனனியா என்னும் அறிஞர் 300 சாடி விளக்கெண்ணெயை மேலறைக்குக் கொண்டு செல்வித்து, அங்கேயே அமர்ந்து, முரண்கள் அனைத்தும் நீங்குமளவும் ஆராய்ந்தாரென்றும், அவர் இலராயின் எசேக்கியேலின் நூல் மறைக்கப்பட்டிருக்குமென்றும் தல்மூத் நன்றியோடு கூறுகின்றது. இறைவனின் தேரையே கண்ட ஒருவரின் நூல், இரவு பகலாக விளக்கேற்றிப் படித்த ஒருவரின் உழைப்பினாற் பிழைத்தது. எவர் எவருக்கு அடைக்கலங் கொடுத்தார் என்பதை இது காட்டுகின்றது.

மேனாட்டு வேதாகம ஆய்வு இவ்வரிசையை ஏற்பதில்லை என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். ஜெர்மானிய அறிஞர் வெல்ஹவுசன் 1878ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், ஆசாரியச் சட்டத் தொகுதி தீர்க்கதரிசிகளுக்குப் பிற்பட்டதென வாதித்தார். அவர் கூறிய காலவரிசை பின்னர் பலராலும் மறுக்கவும் திருத்தவும் பட்டுள்ளது. வரலாற்றில் எது முந்தியது என்பது ஒரு வினா. சட்டம் முந்தியது எனக் கருதி வாழ்ந்தவர்கள் தம் வாழ்வை எவ்வாறு அமைத்தனர் என்பது வேறொரு வினா. இங்கு வேண்டப்படுவது பின்னையது.

தீர்க்கதரிசனம் ஓய்ந்ததெனக் கருதப்பட்ட காலம் எளிதாகக் கழியவில்லை. ஆகாய், சகரியா, மல்கியா என்போருக்குப் பின் அது நீங்கிற்று என்பது மரபு. கி.மு. 164இல் மக்கபேயர் எருசலேம் ஆலயத்தை மீட்டபோது, தீட்டுப்பட்ட பலிபீடத்தை இடித்தனர். ஆனால் அதன் கற்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. எறியவும் இயலாது, வைத்துக் கட்டவும் இயலாது. தீர்க்கதரிசி ஒருவன் வந்து சொல்லும்வரை கிடக்கட்டுமென ஆலய மலையில் ஓரிடத்தில் அடுக்கிவைத்தனர் என மக்கபேயர் முதலாம் நூல் கூறுகின்றது. எவரும் வரவில்லை. கற்கள் காத்துக்கிடந்த அக்காலத்தில், காத்திராத யூதர்களும் இருந்தனர். சாக்கடலோரத்துக் கும்ரான் குகைகளிற் கிடைத்து 1977இல் யீகாயேல் யாதீனாற் பதிப்பிக்கப்பட்ட ‘ஆலயச் சுருள்’, மோசேயின் வாயாகக் கூறப்பட்ட சட்டங்களை இறைவனே தன்மையிடத்திற் பேசுவதாக மாற்றி எழுதியுள்ளது. கி.பி. முதலாம் நூற்றாண்டில், யோர்தான் நதியைப் பிளப்பேன் என்று கூறித் தேயுதாஸ் என்பவன் மக்களைத் திரட்டினான். எருசலேமின் மதில்களை விழச்செய்வேன் என்று எகிப்தினின்று வந்த ஒருவன் ஒலிவ மலைக்குக் கூட்டஞ் சேர்த்தான். இருவரின் பின்னே சென்றோரையும் உரோமப் படை வெட்டி வீழ்த்தியதென யோசேப்பஸ் எழுதுகிறார். இயேசுவைப் பின்பற்றியோரும் ஆவியின் வரத்தாற் பேசினர். கி.பி. 70இல் ஆலயம் எரிந்தபின் எஞ்சியிருந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்த ரபிமார், வானத்துக் குரல்களைக் கண்டு அஞ்சியதற்குப் போதிய காரணம் இருந்தது.

இப்பின்னணியிலேயே அடுப்பின் கதை வாசிக்கப்படல் வேண்டும். துண்டு துண்டாக வெட்டி, இடையே மணலிட்டுச் சேர்க்கப்பட்ட மண்ணடுப்பொன்று தீட்டுப்படுமா, படாதா என்பது பிணக்கு. தீட்டுப்படாது என்றார் ரபி எலியேசர். படும் என்றனர் ஏனையோர். எலியேசர் தம்மாலியன்ற வாதமனைத்தையும் எடுத்துரைத்தும் எவரும் ஏற்கவில்லை. உடனே அவர், தாம் கூறியது சரியாயின் வெளியே நிற்கும் கரோப் மரம் சாட்சி கூறட்டும் என்றார். மரம் வேரோடு பெயர்ந்து 100 முழம் அப்பாற் சென்றது. மரத்தைக் கொண்டு சட்டத்தை நிறுவ முடியாது என்றனர் மற்றவர். வாய்க்கால் பின்னோக்கி ஓடிற்று, அதுவும் ஏற்கப்படவில்லை. கல்விக்கூடத்துச் சுவர்கள் விழச் சாய்ந்தன. அறிஞர்கள் தமக்குள் வாதிடுகையில் உங்களுக்கென்ன வேலையென ரபி யோசுவா சுவர்களை அதட்டினார். அவரது மதிப்புக்காகச் சுவர்கள் விழவில்லை, எலியேசரின் மதிப்புக்காக நிமிரவுமில்லை, சாய்ந்தபடியே நின்றனவாம். இறுதியில் வானத்திலிருந்தே குரல் எழுந்தது: எலியேசரோடு வழக்காடுவதேன், சட்டம் அவர் பக்கமன்றோ! அப்பொழுது ரபி யோசுவா எழுந்து நின்று, கட்டளை வானத்தில் இல்லை என்னும் உபாகம வாசகத்தை எடுத்துக் காட்டினார். சீனாய் மலையிற் சட்டம் கொடுத்தாகிவிட்டது, பெரும்பான்மையின் வழி முடிவு செய்யுமாறு அதிலேயே எழுதியுமாகிவிட்டது, ஆகவே வானத்துக் குரலுக்குச் செவிகொடுப்பதில்லை என்று பின்வந்த ஆசிரியர் ஒருவர் இதனை விளக்கினார். அவ்வேளையில் இறைவன் என்ன செய்தான் என ரபி நாத்தான் எலியாவைச் சந்தித்தபோது கேட்டாராம். தன் பிள்ளைகள் தன்னை வென்றுவிட்டனர் எனக் கூறி இறைவன் நகைத்தானென்பது விடை.

இக்கதை பலராலும் இவ்விடத்தோடு நிறுத்திக் கூறப்படுகின்றது. மனித அறிவின் வெற்றிப் பாட்டாக இதனை எடுத்தாள்வோர் பலர். ஆயினும் இரண்டு செய்திகள் இங்குக் கவனிக்கப்படல் வேண்டும். பெரும்பான்மைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் யாத்திராகம வசனம், தீமை செய்யப் பலரைப் பின்பற்றாதே என்ற கருத்துடையது. அதன் ஒரு துண்டைப் பிரித்தெடுத்தே பெரும்பான்மை விதி பெறப்பட்டது. இது முதற் செய்தி. சட்டம் தமது கையில் இருப்பதை நிறுவுவதற்கு அவர்கள் கையாண்ட முறையே, சட்டம் அவர்கள் கையில் இருந்ததற்குச் சான்றாகின்றது. இரண்டாவது, தல்மூத் கதையை நகைப்போடு முடிக்கவில்லை என்பது. அன்றே எலியேசர் தூயதெனத் தீர்ப்பளித்த பொருள்களனைத்தும் கொண்டுவரப்பட்டு எரிக்கப்பட்டன. அவர் சபையிலிருந்து விலக்கப்பட்டார். தகுதியற்ற ஒருவன் சென்று அறிவித்தால் உலகே அழிந்துவிடும் என அஞ்சிய மாணவர் அக்கிபா, கறுப்புடை உடுத்துச் சென்று ஆசிரியரிடமிருந்து நான்கு முழம் தள்ளி அமர்ந்தார். செய்தியை உணர்ந்த எலியேசர் ஆடையைக் கிழித்துக்கொண்டு தரையில் இருந்து அழுதார். விலக்குக்குத் தலைமைதாங்கிய ரபான் கமாலியேல் எலியேசரின் மனைவி இமா ஷாலோமின் உடன்பிறந்தவர். கணவன் நிலத்தில் முகங்குப்புற வீழ்ந்து மன்றாடினால் அண்ணனுக்குத் தீங்கு நேருமென அஞ்சி, அவள் நாள்தோறும் காவலிருந்தாள். ஒருநாள் காவல் தவறிற்று, கமாலியேல் இறந்தார்.

எலியேசர் சொன்னது சரி என்பதைக் கதை ஒருபோதும் மறுக்கவில்லை. வானமே அதனை உறுதிப்படுத்திற்று. சரியான முடிவைக் கூறியவர் விலக்கப்பட்டார். தவறான முடிவே சட்டமாயிற்று. இதனை அறிந்துகொண்டே ரபிமார் இக்கதையைப் பாதுகாத்தனர் என்பதே இதன் உண்மையான பெருமை.

எல்லாரும் எக்காலத்தும் ஒருமுகமாக வானத்தைப் புறக்கணித்தனர் என்று எண்ணுதலும் பொருந்தாது. ஹில்லேலின் மாணவரும் ஷம்மாயின் மாணவரும் மூன்றாண்டு வழக்காடியபின், இருதிறத்தார் சொற்களும் உயிருள்ள இறைவனின் சொற்களே, ஆயினும் சட்டம் ஹில்லேல் பக்கமே என வானத்துக் குரல் தீர்த்தது, அத்தீர்ப்பு ஏற்கவும்பட்டது. பெரும்பான்மையோடு ஒத்துச் சென்ற குரலை ஏற்றனர், எதிர்த்த குரலைத் தள்ளினர் என இடைக்கால உரையாசிரியர் அமைதி கூறுவர். அஃது அத்துணை மனநிறைவு தரும் விடையன்று. ஹில்லேலைப் பற்றிய வேறொரு கதை இதனினும் இனியது. பஸ்காவின் முன்னாள் ஓய்வுநாளாக அமைந்த ஓராண்டில், பலியிடலாமா என்பதை அனைவரும் மறந்திருந்தனர். ஹில்லேல் தருக்கத்தால் நிறுவினார். ஆனால் கத்தியை முன்கூட்டியே கொண்டுவராதவன் என்செய்வது என்று கேட்டபோது அவருக்கும் மறந்துவிட்டது. மக்களை விட்டுவிடுங்கள், அவர்கள் தீர்க்கதரிசிகள் அல்லரெனினும் தீர்க்கதரிசிகளின் பிள்ளைகளல்லவா என்றார். மறுநாள் மக்கள் கத்தியைச் செம்மறியின் உரோமத்திற் செருகியும், வெள்ளாட்டின் கொம்புகளுக்கிடையே வைத்தும் ஓட்டிவந்தனர். தனிமனிதனின் வாயில் அடைபட்ட தீர்க்கதரிசனம், ஊரார் வழக்கத்தில் ஒளிந்திருந்தது.

இக்கருத்துகளுக்கெல்லாம் இறுகிய வடிவம் கொடுத்தவர் மைமோனிடிஸ். ஸ்பெயினின் கொர்தோபாவிற் பிறந்து, எகிப்தில் மருத்துவராகவும் சமயத் தலைவராகவும் விளங்கி 1204இல் மறைந்த இவர், 1168இல் முடித்த மிஷ்னா உரையின் முகவுரையில், எலியாவுக்கும் எலிசாவுக்கும் நிகரான ஆயிரம் தீர்க்கதரிசிகள் ஒரு கருத்தையும், ஆயிரத்தொரு அறிஞர் மறுகருத்தையும் கூறின், அந்த ஆயிரத்தொருவரின் வழியே சட்டம் என்று எழுதினார். அறிஞரும் எண்ணிக்கையால் மட்டுமே வெல்வர். தீர்க்கதரிசி சபையில் ஓர் அறிஞனாக அமரலாம், ஒரு வாக்களிக்கலாம், அதற்குமேல் எதுவுமில்லை. தீர்க்கதரிசியை ஏன் நம்புகிறோம் என்ற வினாவுக்கும் அவர் கூறும் விடை கூர்மையானது. அடையாளங்களும் அற்புதங்களும் மனத்தில் ஐயத்தை எஞ்சவிடுவன. இரு சாட்சிகளை நம்பித் தீர்ப்பளிக்குமாறு சட்டம் பணிப்பதனால், அவர்கள் பொய்யுரைக்கக்கூடும் எனினும் நீதிபதி நம்புகிறான். தீர்க்கதரிசியையும் அவ்வாறே சட்டம் பணித்ததனாலேயே நம்புகிறோம். ஆகவே தன்னை நம்பச்செய்த சட்டத்தையே மறுக்க வருபவன், தான் அமர்ந்திருக்கும் கிளையை வெட்டுபவன் ஆவான்.

இவ்வரண் எவ்வளவு வலிதென்பது 1665இல் தெரியவந்தது. சிமிர்னாவைச் சேர்ந்த சபத்தாய் செவி என்பவரே மேசியா எனக் காசா நகரத்து நாத்தான் என்னும் இளம் அறிஞர் தீர்க்கதரிசனங் கூறினார். ஏமனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை யூதர்கள் பித்துக்கொண்டனர். வீடுகளை விற்றோரும் உளர். ஆலய அழிவை நினைந்து நோற்கும் நோன்பு நாட்கள் விழா நாட்களாக்கப்பட்டன. ஹம்பர்க் நகரில் இருந்த யாக்கோபு சஸ்போர்த்தாஸ் என்னும் ரபி, ஏறத்தாழத் தனித்து நின்று மடலுக்கு மேல் மடல் எழுதினார். சட்டத்தை நீக்குமாறு கூறும் தீர்க்கதரிசி எவ்வகைச் சோதனைக்கு உட்பட்டான் என்பதே அவரது ஓயாத வினா. அவரது அயலார் அவரை வெறுத்தனர். 1666 செப்டெம்பரிற் சுல்தானின் முன்னிலையிற் சபத்தாய் இஸ்லாத்தைத் தழுவினார். வரலாறு சஸ்போர்த்தாசின் பக்கம் சாய்ந்தது. எனினும் அன்று பெரும்பான்மை எப்பக்கம் நின்றது என்பதும் மறக்கத்தக்கதன்று. தேர்ந்த ரபிமாருட் பலர் நாத்தானையே நம்பினர். பெரும்பான்மை விதியொன்றே காவலாயிருப்பின் காவல் தூங்கிவிட்டதென்றே கூறவேண்டும்.

குரல் கேட்போர் யூத மரபில் என்றுமே இல்லாமற்போகவில்லை. தந்தை விட்டுச்சென்ற பணத்தைத் தேடி வருந்திய ஒருவனுக்குக் கனவிலே தொகையும் இடமும் காட்டப்பட்டு, அது எருசலேமில் மட்டுமே செலவிடத்தக்க தசமபாகப் பணம் என்றும் கூறப்பட்டது. சொன்ன இடத்திற் சொன்ன தொகை இருந்தது. கனவின் சொல் சட்டத்தில் ஏற்றவுமாட்டாது இறக்கவுமாட்டாது என அறிஞர் தீர்த்தனர், பணம் அவனுடையதாயிற்று. பிரான்சிலே மார்வேஜ் ஊரினரான ரபி யாக்கோபு, 1200ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், சட்டவினாக்களைக் கனவிற் கேட்டு வேதவசனங்களாக விடைபெற்று ஒரு நூலே எழுதினார். அதைப் போற்றியவரும் உளர். தலையசைத்து விலக்கியவரும் உளர். மிகவும் சிந்திக்கத்தக்கவர் யோசேப் காரோ. இன்றளவும் யூத சட்டத்தின் அடிப்படைத் தொகுதியாக விளங்கும் ‘ஷுல்கான் அரூக்’ என்னும் நூலை 1563இல் முடித்தவர் அவர். சபெத் நகரில் வாழ்ந்த அவரோடு வானத்து ஆசிரியன் ஒருவன் இரவுகளிற் பேசி வந்தான். அவரே அறிந்த மிஷ்னாவின் ஆன்மாவாகத் தன்னைக் கூறிக்கொண்டான். அதிகம் உண்டதற்காகக் கண்டித்தான். வேதத்தின் மறைபொருளை உரைத்தான். இவற்றையெல்லாம் காரோ தனிக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். காலையிற் சட்டம் எழுத அமர்ந்தபோதோ அவர் பின்பற்றிய முறை வேறு. அல்பாசி, மைமோனிடிஸ், ஆஷேர் என்னும் மூவரின் நூல்களை ஒப்புநோக்கி, இருவர் ஒத்த இடத்தே தீர்ப்பை நிறுத்தினார். இரவிற் பேசியவனுக்கு அங்கே வாக்கில்லை.

இதனாற் பெறப்பட்டது தெளிவு. சட்டம் எவரும் கற்றறிந்து கேள்வி கேட்கக்கூடிய பொருளாயிற்று. ‘எனக்குச் சொல்லப்பட்டது’ என்ற ஒரு சொல்லால் எவரும் எவரையும் வாயடைக்க முடியாதுபோயிற்று. இழக்கப்பட்டதோ செலொப்பியாத்தின் புதல்வியர் பெற்றிருந்த வாய்ப்பு. நியாயம் தம்பக்கம் இருந்தும் ஆதாரம் இல்லாதோர், சட்டம் அறிந்தோரைத் தாண்டி மேல்முறையிட இனி இடமில்லை. கணவன் பத்திரம் எழுதிக்கொடாமையால் மறுமணம் செய்யவியலாது கட்டுண்டு நிற்கும் யூதப் பெண்கள் இன்றும் உளர். அவர்கள் துயரை நியாயமற்றதென உணர்ந்த ரபிமாரும் நூல்களுக்குள்ளேயே வழி தேடுகின்றனர்.

எலியேசரின் இறுதிநாளைத் தல்மூத் மற்றோரிடத்திற் கூறுகின்றது. ஓய்வுநாட்கு முந்திய மாலை அவர் நோயுற்றுக் கட்டிலிற் கிடந்தார். அக்கிபாவும் தோழரும் வந்து, விலக்கின் பொருட்டு நான்கு முழம் தள்ளி அமர்ந்தனர். ஏன் வந்தீர் என்றார். கற்க வந்தோம் என்றனர். இதுவரை ஏன் வரவில்லை என்றார். நேரம் கிடைக்கவில்லை என்றனர். அவர் தம் இரு கைகளையும் எடுத்து மார்பின்மேல் வைத்து, சுருட்டி மூடப்பட்ட இரண்டு வேதச்சுருள்கள் போன்றன இவை என வருந்தினார். தாம் கற்றவை எத்தனையோ, அவற்றைக் கேட்டறிய எவரும் வந்திலர் என்றார். பின்னர் அவர்கள் கேட்கத் தொடங்கினர். தோற்பந்து, செருப்பு வார்ப்படி, தாயத்து எனத் தீட்டுப்பற்றிய சிறுசிறு வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் விடை கூறினார். வார்ப்படியின்மேல் மாட்டியிருக்கும் செருப்பு எத்தகையது என்று இறுதியாகக் கேட்டனர். தூயது என்றார், அச்சொல்லோடு உயிர் பிரிந்தது. அப்பொழுது, அடுப்பின் வழக்கில் அவருக்கெதிராக எழுந்து நின்ற அதே ரபி யோசுவா மீண்டும் எழுந்து நின்று, விலக்கு நீங்கிற்று, விலக்கு நீங்கிற்று என்றார்.